பதினொரு கடமையும் தெரியும், தெருவிளக்குக்கு யாரைக் கேட்பதென்று தெரியாது

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அடிப்படைக் கடமைகள் பதினொன்றையும் என் பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். போன மாதம், “நம்ம ஊர்ல தெருவிளக்கு எரியலைன்னா யார்கிட்ட சொல்லணும்?” என்று கேட்டேன். கலெக்டர் என்றார்கள், எம்.எல்.ஏ. என்றார்கள், கரண்ட் ஆபீஸ் என்றார்கள். ஒருவன் மட்டும், “சொன்னா எரியுமா மிஸ்?” என்றான். வகுப்பே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிராம சபைக்குக் கூட்டிப்போகலாமா என்றால் தலைமையாசிரியர், “நமக்கெதுக்கும்மா அரசியல்” என்கிறார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கவலை வேறு. ஊரில் ஒரு பெரியவர் மாதிரிப் பாராளுமன்றம் நடத்த 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். நடத்தலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். “சொன்னா எரியுமா” என்று கேட்ட அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். அவன் வீட்டில் யாரோ எங்கேயோ மனு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய் ‘குடிமக்களின் கடமைகள் யாவை’ என்று ஐந்து மார்க் கேள்வி கேட்டால் அவன் எழுதுவான், மார்க்கும் வாங்குவான். நம்ப மாட்டான்.

நான் 31 வருடம் இதே பாடத்தை எடுத்து 2021இல் ஓய்வு பெற்றவன். முதலில் ரொம்ப வருடம் நானும் ஒப்பிக்க வைத்தவன்தான். அப்புறம் ஒரு பஸ் என்னைத் திருத்தியது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

அப்போது நான் இருந்த பள்ளிக்கு மூன்று சின்ன ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஒரே டவுன் பஸ்ஸில் இலவசப் பாஸில் வருவார்கள். பஸ் தாமதமானால் முதல் பீரியட் போச்சு. லேட்டாக வந்ததற்காக நாங்களே அவர்களை வராண்டாவில் நிறுத்தி வைப்போம். ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண், “சார், பஸ்ஸுக்கு யாரு சார் பொறுப்பு?” என்று கேட்டாள். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சரி, கண்டுபிடிப்போம் என்று ஆரம்பித்தோம்.

முதலில் ஒரு நோட்டு போட்டோம். தினமும் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று அந்தப் பெண்ணே எழுதினாள். மூன்று வாரத்தில் பள்ளி நடந்த 15 நாட்களில் 11 நாள் தாமதம். அடுத்தது மனு. பிள்ளைகள் எழுதிய முதல் மனு அப்படியே லீவு லெட்டர் மாதிரி இருந்தது: ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்கள்’. யாருக்கு என்ற இடத்தில் ஒரு வாரம் சண்டை. கலெக்டர் என்றார்கள் பாதிப்பேர். கடைசியில் ஒருவன் கண்டக்டரிடமே கேட்டுவிட்டான். “டெப்போவுல கிளை மேலாளர்னு ஒருத்தர் இருக்கார், அவருக்கு எழுதுங்கப்பா” என்று அவர்தான் வழிசொன்னார். எந்தப் பாடநூலிலும் இல்லாத விவரம் அது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’. “பரிசீலனைன்னா என்ன சார்?” என்றார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. பிறகு ஒரு மாணவனின் அப்பா கையெழுத்தில், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம் போட்டோம். புதுப் பஸ் கேட்கவில்லை, நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. இந்தத் தடத்தில் இந்தப் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று உங்கள் அட்டவணையில் இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி. பதில் 30 நாளுக்குள் வந்துவிட்டது. 8.55 என்று இருந்தது! பஸ் வந்துகொண்டிருந்ததோ 9.30க்கு மேல்.

அன்றைக்கு அந்த வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதுவரை ‘தயவுகூர்ந்து’ என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், அடுத்த மனுவில் நோட்டின் 15 நாள் கணக்கையும் பதில் கடிதத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின் அடித்தார்கள். ‘தயவுகூர்ந்து’ காணாமல் போயிருந்தது. பெற்றோர் இரண்டு பேர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதைக் கொடுத்து ரசீது வாங்கிவந்தார்கள். பஸ் நேரத்துக்கு வர ஆரம்பித்தது. அரையாண்டுத் தேர்வு வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ஆனால் நோட்டு நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது அடுத்த செட்டிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு விஷயம் எடுங்கள். ஊரில் உள்ளதாக, பிள்ளைகளைத் தொடுவதாக, சின்னதாக இருக்கட்டும். அதை முடிவு தெரியும்வரை விடாதீர்கள், தோற்றாலும். நம் பள்ளிகளில் ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி என்று வருடத்துக்கு இருபது ‘விழிப்புணர்வு’ நடக்கிறது. ஒன்றுக்கும் மறுநாள் கிடையாது. பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வதெல்லாம், குடிமகன் என்றால் அட்டை பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பவன் என்பதுதான்.

உங்களுக்குத் தெருவிளக்கே போதும். கிராமத் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் ஊராட்சி செயலர், ஊரில் ‘கிளார்க்’ என்பார்களே அவர். எந்தக் கம்பத்தில் எத்தனை நாளாக எரியவில்லை என்று பிள்ளைகள் ஒரு வரைபடம் போடட்டும், புவியியலும் ஆச்சு. வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் கூட்டிப் பாருங்கள். தங்கள் வீடுகளிலிருந்தே இவ்வளவு பணம் ஊராட்சிக்குப் போகிறதா என்று அவர்கள் வாய் பிளப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: ரசீது இல்லாத வீட்டுப் பிள்ளையைக் கூசவைக்காதீர்கள், கொண்டுவருவது அவரவர் விருப்பம் என்று சொல்லிவிடுங்கள்.

தகவல் உரிமை விண்ணப்பத்தில் பிள்ளைகளே கையெழுத்துப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சட்டம் குடிமக்கள் என்றுதான் சொல்கிறது, வயது சொல்லவில்லை. 2012இல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி, காந்தியை ‘தேசத் தந்தை’ என்று அரசு எந்த உத்தரவில் அறிவித்தது என்று விண்ணப்பித்துக் கேட்டாள். அப்படி ஒரு ஆவணமே இல்லை என்ற உண்மை அவள் கேள்வியால்தான் வெளியே வந்தது. இருந்தாலும் கிராமத்துப் பள்ளியில் பெற்றோர் பெயரில் போடுவதே நல்லது. பதில் வீட்டுக்கு வரும்போது வீட்டாருக்கும் அது தங்கள் விஷயமாகிவிடும்.

இப்போது தலைமையாசிரியரிடம் வருவோம். அவர் மேல் கோபப்படாதீர்கள். ஏதாவது நடந்தால் விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். ‘அரசியல்’ என்ற சொல்லில் அவர் பயப்படுவது கட்சியை. கட்சி வேறு, ஆட்சிமுறை வேறு என்று அவருக்கு நீங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும். கிராம சபை கட்சிக் கூட்டம் அல்ல, அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதியில் பெயர் சொல்லி இடம்பெற்ற அமைப்பு, 73ஆவது திருத்தத்தின் வழியாக 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டைச் சேர்த்து ஆறாக்கியது அரசே. வாக்காளர்தான் அதில் உறுப்பினர். பிள்ளைகள் போவது பார்வையாளராக. பேச வேண்டாம், கை தூக்க வேண்டாம், பார்த்து எழுதிவந்தால் போதும்.

எதைப் பார்ப்பது? கூட்டப்பொருள் நோட்டீஸ் எத்தனை நாள் முன்பு ஒட்டப்பட்டது, எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, வரவு செலவு வாசிக்கப்பட்டதா, யார் பேசினார்கள், யார் பேச எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் செல்ல இத்தனை பேராவது வர வேண்டும் என்று குறைவெண் வரம்பு ஒன்று உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும். பிள்ளைகள் தலை எண்ணட்டும், தீர்மானப் புத்தகத்தில் எத்தனை கையெழுத்து இருந்தது என்று அப்புறம் விசாரிக்கட்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் கத்த வேண்டாம், ‘ஏன் சார்’ என்ற கேள்வியோடு வகுப்புக்கு வந்தால் போதும்.

தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நடத்துகிற கூட்டமாக இருந்தால் அதையும் பாடமாக்குங்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்தாண்டு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை முடிக்க வேண்டும் என்பது அதே ஒன்பதாம் பகுதியில் எழுதியிருப்பது. எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பதினாலு வயதில் பார்ப்பது தப்பில்லை. நாம் மறைத்தால் மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் போகிறதா என்ன!

ஒரு நடைமுறை விஷயம். இந்த நாட்களில் பாதி, பள்ளிக் கொடியேற்றமும் விடுமுறையும். வேன் பிடித்துக் கூட்டிப்போகிற வேலை வேண்டாம். அம்மாவோடோ பாட்டியோடோ போகச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்ததில், பிள்ளையைக் கூட்டிப்போவதற்காகவே முதல் தடவை கிராம சபைக்கு வந்த அம்மாக்கள் உண்டு. தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம், பெற்றோர் சம்மதம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரி பதிவு, இந்த மூன்றும் இருந்தால் அவரும் நிம்மதியாகத் தூங்குவார், நீங்களும் தூங்கலாம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர்கள் உங்கள் பக்கம் என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

வகுப்பில் அரசியல் பேசுவதற்கு ஜெர்மானிய ஆசிரியர்கள் வைத்திருக்கும் ஒரு அளவுகோல் எனக்கு ரொம்ப உதவியது. நாஜி ஆட்சியில் பள்ளிக்கூடமே பிரச்சார மேடையாக இருந்த நாடு அது. 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிப் பேசி மூன்று விதிக்கு வந்தார்கள். ஆசிரியர் தன் கருத்தை மாணவன் தலையில் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக உள்ளது வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்கப்பட வேண்டும். தன் நலன் எதில் என்று மாணவன் தானே அலசிப் பார்க்கக் கற்க வேண்டும். இரண்டாவது விதிதான் நமக்கு அவசியம். ஊரில் டாஸ்மாக் கடையை மாற்றச் சொல்லிப் பேச்சு நடக்கிறது என்றால், நாம் ‘மது தீது’ என்று ஒரு நீதிக்கதை சொல்லி முடித்துவிடுவோம். அந்தக் கடையில் வேலை பார்ப்பவரின் மகள் மூன்றாவது பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். எல்லாத் தரப்பையும் எழுத வையுங்கள், அவளும் நிமிர்ந்து எழுதுவாள். நீங்கள் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக நான் நினைப்பது வேறு ஒன்று, நீங்கள் கடிதத்தில் தொடாதது. பள்ளிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் லீடர் தேர்தல் வைத்தேன். பெட்டி, ரகசிய ஓட்டு, விரலில் இங்க் எல்லாம் உண்டு. எண்ணிப் பார்த்தால் ஜெயித்தவனுக்கு 27 ஓட்டு. அவன் தெருவிலிருந்து வருகிற பிள்ளைகளும் சரியாக 27. ஜனநாயகம் நடத்துகிறேன் என்று பெரியவர்களின் வியாதியை நானே பெட்டி வைத்து வாங்கி உள்ளே விட்டிருந்தேன்.

அப்போதுதான் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. குடவோலை முறையை நாம் பெருமைக்காக மட்டும் நடத்துகிறோம். ‘ஆயிரம் வருடத்துக்கு முன்பே’ என்று ஆரம்பித்து மீசையை முறுக்கி முடித்துவிடுவோம். அந்தக் கல்வெட்டைக் கேள்வியாக நடத்திப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் இரண்டு கல்வெட்டு, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் வயது 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே வருடத்தில் ஏன் மாற்றினார்கள்? சட்டத் திருத்தம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. அப்புறம் தகுதி: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. யாரெல்லாம் நிற்க முடியாது என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் பெண் பிள்ளைகள் கை தூக்குவார்கள். பிறகு நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் வகுப்பில் பாக்கி யாருமே இருக்க மாட்டார்கள். அது அந்தணர் ஊர்ச் சபை என்பதை அப்போது சொல்லலாம்.

அதே கல்வெட்டில் அருமையான விஷயங்களும் உண்டு. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் சொந்தக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது என்று பெரிய உறவுப் பட்டியலே இருக்கிறது. ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சின்னப் பையன்.

நாங்கள் அதை வகுப்பில் திருத்தி எடுத்துக்கொண்டோம். தகுதி எதுவும் இல்லை, எல்லார் பெயரும் குடத்தில். மாதம் ஒரு லீடர், சீட்டு எடுப்பது ஆறாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டுவந்த ஒரு வாண்டு. மாதக் கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டும்: சாக்பீஸ் எத்தனை, பெயர் எழுதி மாட்டிவிட்டது யாரை, ஏன் அவனை மட்டும். கணக்குச் சொல்லாதவன் பெயர் வருடம் முழுக்கக் குடத்துக்கு வெளியே. உறவுக்காரர்களையும் விலக்கலாமா என்று விவாதம் வந்தபோது ஒருவன் எழுந்து, “அப்படிப் பார்த்தா எங்க தெருவுல ஒருத்தனும் மிஞ்சமாட்டான் சார்” என்றான். விதி கைவிடப்பட்டது. தேர்தலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டுக்கு முன்னால் கணக்குக் கேட்கப் பழகட்டும் என்கிறேன்.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறையும் மற்ற சாதி அடையாளங்களையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. கயிறை அறுக்கச் சொல்வது சுலபம். ஆனால் உதவித்தொகை ஃபாரம் வந்த அன்று, “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் குரல் கொடுப்பது யார்? நானும் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். யார் கக்கூஸ் கழுவுகிறார்கள், யார் டீ வாங்கிவருகிறார்கள் என்று உங்கள் பள்ளியில் ஒரு வாரம் சும்மா கவனித்துப் பாருங்கள். தீண்டாமையை ஒழித்த 17ஆவது உறுப்பை நாம் கரும்பலகையில் எழுதுவது அதற்குப் பிறகு.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் பயம் நியாயமானது. அதனால் மேலே சொன்ன வேலையெல்லாம் ஒன்பதாம் வகுப்போடு, மாதத்துக்கு இரண்டு பீரியட், அதற்கு மேல் வேண்டாம். உள்ளாட்சிப் பாடம் நான் நடத்திய கடைசிப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பாடத்தையே வேறு வழியில் நடத்தினால் போதும். நடுவண் அரசு, மாநில அரசு என்று தனித்தனியாகப் போகாமல் ஜல்லிக்கட்டை எடுங்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் மக்கள் உட்கார்ந்தார்கள். அவசரச் சட்டம், இரண்டே நாளில் சட்டசபையில் மசோதா. மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. நீதித்துறை, சட்டமன்றம், ஆளுநர், குடியரசுத் தலைவர், பொதுப்பட்டியல், போராடும் உரிமை எல்லாம் ஒரே கதையில் வந்துவிட்டன. மாடு பிடிக்கிற வீட்டுப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தால் நீங்கள் பாதிதான் பேச வேண்டியிருக்கும். மாட்டின் பக்கம் பேச ஒரு பிள்ளையை நீங்களே தேட வேண்டிவரும், தேடுங்கள்.

கடைசியாக அந்த 5,000 ரூபாய். மாதிரிப் பாராளுமன்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒன்பதாம் வகுப்பு ‘பிரதமர்’, ஆசிரியர் எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசுவார். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், ஆண்டு விழாவுக்கு நல்ல ஐட்டம். பெரியவர் மனசு நோகக் கூடாது என்றால் ஒரு தடவை நடத்திவிடுங்கள், வேட்டியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் 500 ரூபாயில் முடியும். மீதிக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால் கவர், ஜெராக்ஸ் செலவு என்று ஒதுக்கி, இரண்டு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஒன்று தெருவிளக்குக் கணக்கு எழுத. இன்னொன்றில் அந்தப் பணம் எப்படிச் செலவானது என்று பிள்ளைகளே எழுதி, வருடக் கடைசியில் பெரியவரைக் கூப்பிட்டு வகுப்பில் வாசித்துக் காட்டட்டும். வாசிக்கும் வேலையை “சொன்னா எரியுமா” பையனிடம் கொடுங்கள்.